கடல் பக்கத்துச் சுவர்

அவர் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவருக்குச் சுண்ணாம்பும் வண்ணப் பொடியும் விற்கிற கடை இருந்தது. கடைக்குள் அவருக்கென்று ஒரு முக்காலி. அதில் ஐந்து நிமிடம் தங்கினால் அதிகம். எழுந்து வெளியே வருவார். வாங்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கடையையே வேற்றாள் கடை போலப் பார்ப்பார்.

"மஞ்சப் பொடி மூட்ட நெழல்ல கீது. வர்றவன் கண்ணுக்கு அது செம்மண்ணாத்தான் தெரியும்" என்பார். எழுந்து போய் மூட்டையை இழுத்து வெளிச்சத்தில் வைப்பார். மறுபடி பெஞ்சுக்கு வருவார். மறுபடி எழுவார். தராசில் எதையாவது நிறுத்தால் தட்டை அப்படியே விட்டுவிட்டு, வாங்குகிறவர் தோளருகே வந்து நின்று முள்ளைப் பார்ப்பார். பழக்கமில்லாதவர்கள் அவரைச் சந்தேகமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பார்கள்.

"அந்தாண்ட நின்னு பாக்கணும் தம்பி. இந்தாண்டயே நின்னுகினு இருந்தா எல்லாமே சரியாத்தான் தெரியும்." இதை அவர் சொல்லாத நாள் என் நாட்குறிப்பில் இல்லை.

ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள். நாட்குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஐம்பதுகளின் நடுவில் புதுப்பட்டினம் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. பாயின் வீடு ஊரின் கிழக்கு ஓரத்தில், சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேட்டில் இருந்தது. மாடியில் ஓர் அறை உள்ள வீடு. கீழே சாலையைப் பார்த்த முன்னறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். விடுவதற்கு முன்னால் ஒரு நாள் நடுப்பகல் முழுவதும் அந்த அறையில் அவரே படுத்துப் பார்த்தாராம். "மேக்கு ஜன்னல் சுடுது. தட்டி கட்டிட்டேன். ஒரு பல்லி கீது, அது போவாது" என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். பல்லி இருந்தது. நான் அந்த வீட்டை விட்டுப் போகும் வரையிலும் இருந்தது.

அவர் வீட்டுப் பெண்மணியை நாங்கள் பாயம்மா என்போம். என்னிடம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார். ஆனால் தெரு முனை வரை கேட்கும். ஒரு முறை சொன்னார்: "இந்த மனுசனோட ஒரு சண்டையாவது ஒழுங்காப் போட முடியுதா பாருங்க சாரு. பாதில எழுந்து எம் பக்கம் வந்து நின்னுக்குவாரு. 'ஆமா, இங்கேந்து பாத்தா நான் பண்ணது தப்பாத்தான் கீது'ன்னுவாரு. அப்பால நான் யாரோட சண்ட போடறது?"

தபால் நிலையத்துக்கு வந்தாலும் கம்பி ஜன்னலுக்கு உட்புறம் வரத்தான் அவருக்கு ஆசை.

"ஒரே நிமிசம் தம்பி. உள்ள நின்னு பாத்தா நாங்கள்லாம் எப்படித் தெரியறோம்னு பாத்துட்டுப் பூடறேன்."

"வெளியாள் உள்ள வரக்கூடாது பாய். ரூல் இருக்கு."

"அப்ப நீயே சொல்லு. எப்படித் தெரியறோம்?"

"வரிசையாத் தெரியிறீங்க."

"மூஞ்சி?"

"கம்பி மறைக்குது."

"அதான பாத்தேன்" என்று கம்பியை ஒரு முறை தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜன்னலுக்கு வருகிறவர்களைத் தலை சாய்த்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்து வலித்தது.

அவரோடு இருப்பது சுகமான காரியம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு அழைப்பார், பாதிச் சாப்பாட்டில் எழுந்து என் பின்னால் வந்து நின்று, என் இலையிலிருந்து பார்த்தால் குழம்புச் சட்டி எட்டுகிறதா என்று பார்ப்பார். நான் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் எதிரே வந்து தலைகீழாகப் படிப்பார். நம் பக்கத்தில் எப்போதும் யாரோ வந்து நின்றுகொண்டிருப்பது போல இருக்கும்.

அந்த வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செங்கல்பட்டில் ஜவுளி வியாபாரம் செய்தவர்கள். புரட்டாசியில் வந்து வீட்டைப் பார்த்து நாள் குறிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வீடு அதுவரை வெறும் வெள்ளை. அதற்குப் பச்சை அடிப்பதென்று ஆடியில் பாய் முடிவு செய்தார்.

எந்தப் பச்சை என்பதில்தான் பதினைந்து நாள் போயிற்று. நீர்த்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு படிக்குப் பச்சைப் பொடி அரைக் கரண்டியிலிருந்து நான்கு கரண்டி வரை எட்டு அளவு கலந்து, சாலைப் பக்கச் சுவரில் எட்டுச் சதுரம் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் நான் எண் போட்டேன். "ஈரத்துல பாக்காத. ஈரம் பொய் சொல்லும். காஞ்ச அப்பால எழுது" என்றார். காய்ந்த பிறகு காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளை எழுதினேன். அவர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தார். பள்ளிவாசல் மூலையிலிருந்து பார்த்தார். எதிர் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு அவர்கள் வாசலில் நின்று பார்த்தார். பஸ்ஸில் வருகிற சம்பந்திக்கு வீடு எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்காக, சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறி, வீட்டைக் கடக்கும் அந்த மூன்று நொடிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பினார். இரண்டு முறை.

நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இப்படி முடிகிறது: "மேற்கு, சாலை. வடக்கு, சந்து. தெற்கு, தென்னந்தோப்பு. கிழக்கு, கடல்; ஆளில்லை."

ஐந்தாம் எண் பச்சை தேறியது. நான்கு பக்கமும் அடித்தார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் ஒரு பிற்பகல், கடல் மேல் புகை போல மூட்டம். ஈரக் கோவணத்தோடு ஒருவர் மணல் மேடு ஏறி வந்து பின்பக்கக் கிணற்றடியில் நின்றார். ஏழுமலை. கட்டுமரத்தில் போகிறவர், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். அன்று கையில் மீன் இல்லை.

"பாய், உன் வூடு எங்க?"

"இன்னா கேள்வி இது? தோ கீது. முன்னாடிதான நின்னுகினு கீற?"

"ஒனக்குக் கீது. எனுக்கு இல்ல. காலைலேந்து தேடறேன்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்குப் புரிந்தது. எங்கள் ஊருக்கு நேரே கடலுக்குள் இரண்டு பாறைகள் நீருக்கடியில் கிடக்கின்றன. நடுவில் கட்டுமரம் நுழைகிற அளவுக்கு ஒரு வழி. கடலிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வழிக்கு அடையாளம் பாயின் வெள்ளை வீடும், அதற்குப் பின்னால் சாலையோரம் நிற்கும் ஒற்றைப் பனையும். வீடும் பனையும் ஒரே நேராக வந்தால் அது வழி. அவர்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். பச்சை அடித்ததும் வீடு தென்னந்தோப்புக்குள் கரைந்துவிட்டது. அதே சமயத்தில் வடக்கே புதிதாக ஓர் உப்புக் கிடங்கு கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். வெயில் தெளிவாக இருந்த நாட்களில் எப்படியோ தடவித் தடவி வந்தார்கள். அன்று மூட்டத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் அதுதான் பாய் வீடு என்று பனையோடு நேர் பிடித்து வந்தார்கள். கட்டுமரம் பாறையில் ஏறியது. ஏழுமலையின் தம்பி கோவிந்தனின் இடது கால் மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் ஏழுமலை வந்திருந்தார்.

"யாரக் கேட்டு அடிச்ச?"

"தெருவுல அல்லாரையும் கேட்டேன்பா."

"கடல்ல கேட்டியா?"

ஏழுமலை போன பிறகு பாய் என் அறைக்கு வந்து, அந்தப் பச்சைக் கணக்கைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கடைசி வரி வந்ததும், "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தேன்.

"ஆளில்லன்னு நான் சொன்னனா, நீயா எழுதினியா?"

எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை. எழுத்து என்னுடையது.

ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று. மழையும் மூட்டமும் கொந்தளிப்புமாகக் கடல் ஒரு நாளும் தெளியாது. அதற்குள் அந்தச் சுவர் கடலிலிருந்து தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோவிந்தனுக்குப் போனது காலோடு போயிற்று, அடுத்தவனுக்கு அப்படிப் போகாது. இதை ஏழுமலை சத்தம் போடாமல் சொன்னார். மறுபடி வெள்ளை அடித்துவிடுகிறேன் என்றார் பாய். "வெள்ள அடிச்சா அங்க ஒரு வெள்ள, இங்க ஒரு வெள்ள. மூட்டத்துல எது உன் வூடு, எது உப்புன்னு நான் நக்கியா பாக்க முடியும்?" என்றார் ஏழுமலை. கிடங்குக்காரர்களிடம் போய் அவர்கள் சுவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார் பாய். அவர்கள் சிரித்தார்கள்.

கிழக்குச் சுவரில் ஐந்து பெரிய கட்டம் அடித்தோம். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், மூன்று ஆள் அகலம். மஞ்சள், நீலம், தார்க் கறுப்பு, வெள்ளை, செங்காவி. காய இரண்டு நாள். பிறகு பாய் கட்டுமரத்தில் ஏறினார்.

அவருக்கு நீந்தத் தெரியாது. அது வரைக்கும் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்தவர் இல்லை. ஏழுமலை அவர் இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு முடிச்சுப் போட்டார். கடலுக்குள் நடந்ததைக் கரைக்கு வந்ததும் ஏழுமலையே எங்களுக்கு நடித்துக் காட்டுவார்.

"பயமா கீதா பாய்னு கேட்டேன். பயமில்லப்பா, கொடலு வாய்க்கு வருதுன்னாரு. கண்ண மூடிகினாரு. யோவ், கண்ண மூடாத, பாக்கத்தான வந்தன்னேன். ஒரு கண்ணத் தொறந்தாரு."

பதினொரு முறை போனார். காலையில், உச்சியில், பிற்பகலில், தூறலில். ஒவ்வொரு முறையும் மணலில் கவிழ்ந்து படுத்து வாந்தி எடுத்துவிட்டு, படுத்தபடியே சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். மஞ்சள் எந்த வேளையிலும் மணலோடு சேர்ந்துவிட்டது. நீலம் இருக்கிற இடமே தெரியவில்லை. கறுப்பு தோப்பின் நிழல் போல இருந்தது. காவி காலை வெயிலில் ரத்தம் போலத் தெரிந்தது. பிற்பகலில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போனதும் அதுவும் இருண்டுவிட்டது. வெள்ளை எப்போதும் தெரிந்தது, ஆனால் கிடங்கும் தெரிந்தது.

பத்தாவது முறை ஏழுமலைதான் கண்டுபிடித்தார். "வெள்ளையும் காவியும் ஒட்டிகினு கீற எடம் கீதே, அது மட்டும் எந்நேரமும் கண்ண வந்து குத்துது சாரு. தனித்தனியா வாணாம். ரெண்டையும் பட்ட பட்டையா அடி."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பாயும் நானும் சுவரைப் பார்த்தோம். செங்காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த சுவர் எங்கள் பக்கத்தில் எதற்கு இருக்கும் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"பாய்," என்று ஏழுமலை மெதுவாகக் கேட்டார், "கோயிலு கட்டிக்கிறியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. "சம்பந்தி வரப்போறாரு. ஞாபகம் கீதா?"

பாய் எழுந்தார். கிணற்றடி வரை நடந்தார், தண்ணீர் ஓரம் வரை நடந்தார், திரும்பி வந்தார். அன்று மட்டும் எத்தனை முறை போய் வந்தார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில், "ரோட்லேந்து பாத்தா பச்ச. கடல்லேந்து பாத்தா பட்ட. எந்தாண்டைக்கு எது வேணுமோ அது" என்றார்.

முதலில் ஒரு முழ அகலத்தில் பட்டை போட்டார்கள். பதினொன்றாவது முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் கலந்து ரோஸ் கலராப் பூட்சு தம்பி" என்று மணலில் படுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு நான்கு முழ அகலத்தில் மறுபடி போட்டார்கள். வெள்ளை நான்கு, காவி மூன்று. காவி பிடித்துக்கொள்ள அரிசிக் கஞ்சி கலந்தது. மாடி அறையின் உச்சி வரைக்கும் போயிற்று.

சுண்ணாம்பு காய்ந்த மறுநாள், மாமல்லபுரம் பக்கத்திலிருந்து மணலோரமாகக் கூடையோடு நடந்து வந்த ஒரு பெண் சுவரைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டாள். பாய் ஓடினார்.

"ஏம்மா, கும்புடாத. உள்ள எங்க வூட்டுக்காரி வெங்காயம் உரிச்சிகினு கீறா."

அவள் கையை இறக்கவில்லை. "இருந்துட்டுப் போவட்டும் பாய். எம் புருசன் கடலுக்குப் போறவரு. கும்புட்டா இன்னா கொறஞ்சா பூடும்?"

புரட்டாசிக் கடைசியில் சம்பந்தி வந்தார். வரவேற்க ஆள் வேண்டும் என்று பாய் என்னை லீவு போடச் சொல்லியிருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல், நல்ல மனிதர். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே வீட்டைப் பார்த்து, "பச்ச அம்சமா கீது" என்றார். பாயின் முகம் மலர்ந்தது. சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சம்பந்தி பின்பக்கம் போனார். கிணற்றடியில் நின்று, சொம்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"இது இன்னா பாய்?"

"செவுரு."

"செவுருன்னு தெரியுது. எதோட செவுரு மாதிரி கீது?"

பாய் எல்லாவற்றையும் சொன்னார். பாறை, பனை, கிடங்கு, கோவிந்தன் கால். சம்பந்தி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பாய், "கோயில்ல பட்ட ஒரு மொழம்தான் இருக்கும். இது நாலு மொழம்" என்றார்.

"அப்ப பெரிய கோயிலு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தி சொம்பைக் கிணற்றுக் கட்டையில் வைத்தார்.

"நான் தப்பா சொல்லல பாய். உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா கல்யாணத்துக்கு எங்க ஜனம் பஸ்ஸு புடிச்சு வந்து எறங்கும். பின்னாடி வந்து கை கழுவும். நாளைக்குக் கடத்தெருவுல எம் மூஞ்சப் பாத்து இன்னா சொல்லுவாங்க? இத வெள்ள அடிச்சுடுங்க. அடிச்ச அன்னிக்கே நாள் குறிச்சுடலாம்."

"ஒரே ஒரு தபா அந்தாண்ட நின்னு பாருங்க. கட்டுமரம் தயாரா கீது. நானும் கூட வரேன்."

"நான் ஏன் கடல்ல போயி நிக்கணும்? எம் புள்ள நெலத்துலதான கீறான்?"

பாய் அப்போது செய்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நகர்ந்து போய்ச் சம்பந்தியின் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்று, அவர் பார்த்த இடத்திலிருந்தே சுவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் இரண்டு ஜோடிப் பாதங்கள் தெரிந்தன.

"இங்கேந்து பாத்தா நீங்க சொல்றது நாயம்தான்" என்றார் பாய்.

சம்பந்தி மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

"ஆனா இங்க நிக்கறவனுக்கு வூட்டுக்கு வழி தெரியும் சம்பந்தி. அங்கேந்து வர்றவனுக்குத்தான் தெரியல."

கதவடியில் ஒரு ஜோடிப் பாதம் உள்ளே போய்விட்டது.

சம்பந்தி சாப்பிடாமல் போகவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார், பிரியாணியை நன்றாக இருக்கிறது என்று பாயம்மாவுக்குச் சொல்லியனுப்பினார், நாளைப் பற்றிப் பேசவில்லை. நாலரை மணி பஸ்ஸில் போனார்.

பத்து நாள் கழித்துச் செங்கல்பட்டு முத்திரையோடு ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்தது. பாய் கம்பி ஜன்னலுக்கு வந்தார். கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தார். சம்பந்தம் வேண்டாம் என்று எழுதியிருந்தது. மடித்தார். பிறகு கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, "இத உள்ளேந்து எடுத்துக் குடுக்கறப்ப உனக்கு எப்படி கீது தம்பி?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஐப்பசியும் கார்த்திகையும் வாடை அடித்தது. என் நாட்குறிப்பில் மூட்டம் என்று எழுதிய நாட்கள் இருபத்தெட்டு. ஒரு மரமும் பாறையில் ஏறவில்லை. மழை ஓய்ந்த காலைகளில் கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக அந்த வழியில் நுழைவதைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம். கோவிந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து கோலூன்றி வந்து, அந்தச் சுவரின் கீழேயே உட்கார்ந்து வலை பின்னினான். பாயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சில நாள் கழித்துத் திருப்பிக்கொள்வதை விட்டான். பேசவில்லை.

பாயின் அலைச்சல் அதிகமாயிற்று. தன் மகளிடம் மட்டும் அவரால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் வேலை முடிந்ததும் பின்வாசல் படியில் வந்து உட்காருவாள். பாய் கிணறு வரை வருவார், நிற்பார், திரும்புவார். மறுபடி வருவார். ஒரு நாள் பாயம்மா உள்ளே பொறுக்கமாட்டாமல் சொன்னது என் அறை வரை கேட்டது.

"ஊர்ல அல்லார் பக்கமும் போயி நின்ன. அவ பக்கத்துல போயி நில்லேன்."

"போனேன்" என்றார் பாய். "அங்கேந்து எனுக்கு ஒண்ணியும் தெரியல."

தை மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. புறப்படுகிற நாள் காலை, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நின்றபோது பாய் வந்தார். "எல்லாத்தையும் எழுதின. ஒண்ணத்தையும் பாக்கல. போயிப் பாத்துட்டு வந்து ஊருக்குப் போ." பதினொரு மணி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழுமலையின் மரத்தில் ஏறினேன். பாய் பட்ட பாட்டை நானும் பட்டேன். அதை எழுத வேண்டியதில்லை.

கரை ஒரு கோடாகச் சுருங்கியபோது ஏழுமலை துடுப்பை நிறுத்தினார். "இப்பத் திரும்பிப் பாரு சாரு." தோப்பு, மணல், கிடங்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அழுக்குத் துணி போல இருந்தன. நடுவில் அந்தச் சுவர் தனியாக நின்றது. ஏழு பட்டையையும் எண்ணினேன். மரம் மெல்ல ஒதுங்கியது. பனை நகர்ந்து நகர்ந்து வந்து சுவருக்குப் பின்னால் நின்றது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் வழி.

திரும்பி வந்தபோது பாய் இடுப்பளவுத் தண்ணீரில் கைலி மிதக்க நின்றிருந்தார்.

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது பாய். நாலு வெள்ளை, மூணு காவி. எண்ண முடிஞ்சுது."

"எம் பொண்ணு?"

எனக்குப் புரியவில்லை.

"பின்வாசப் படில உக்காந்துகினு கீறா. நீ போனதுலேந்து அங்கதான் கீறா. பட்டைக்கு நேர் கீழ. அவ தெரிஞ்சாளா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து அவள் விரல் அசைவது கூடத் தெரிந்தது. கடலிலிருந்து சுவரை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"இல்ல பாய்" என்றேன்.

தலையை ஆட்டினார். எனக்குக் கை கொடுத்தார். கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. பிறகு என்னைத் தாண்டிப் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏழுமல, என்ன இன்னொரு தபா கூட்டினு போ. தூரம் வாணாம். எங்கேந்து அவ தெரியறாளோ அங்க நிறுத்து" என்றார்.

மரம் முதல் அலைகளைத் தாண்டி நின்றது. பாய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கையை அசைத்து ஏதோ சொன்னார். மரம் கொஞ்சம் கரைப்பக்கம் வந்து மறுபடி நின்றது. மறுபடி கையசைப்பு. நான்கு முறை அது நின்றதையும் நகர்ந்ததையும் பார்த்தேன். சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வரும்போது, படியிலிருந்த அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.